கால் மைல் ஓட்டமும் காரின் முடுக்க நேரக் கணிப்பும்

டிராக் பந்தயம் என்பது இரண்டு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டு, நேரான ஒரு பாதையின் மறுமுனையை முதலில் எட்டப் போட்டியிடும் மோட்டார் பந்தயம் ஆகும். இது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றி வளர்ந்தது. இதன் மரபான தொலைவு கால் மைல், அதாவது 1,320 அடி அல்லது ஏறத்தாழ 402 மீட்டர். ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநரின் கையில் ஒரு சிறு நேரச் சீட்டு தரப்படும். கால் மைலைக் கடக்க எடுத்த நேரம், முடிவுக்கோட்டை ஒட்டி வண்டி அடைந்திருந்த வேகம் ஆகிய இரண்டும் அதில் முதன்மையானவை.

கார் வாங்குவோரும் கார் இதழ்களைப் படிப்போரும் பெரும்பாலும் கேட்பது வேறொரு எண். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட எத்தனை நொடி ஆகும் என்பதே அது. மீட்டர் அளவைப் பின்பற்றும் நாடுகளில் இது மணிக்கு 100 கிலோமீட்டர் எனக் கொள்ளப்படுகிறது. இந்த எண் நேரச் சீட்டில் இருப்பதில்லை. ஆனால் சீட்டில் உள்ள எண்களிலிருந்து அதைக் கணிக்க முடியும். அவ்வாறு கணிக்கும் முறை பந்தயத் திடலின் பட்டறிவிலிருந்து முதலில் பிறந்தது; அதற்கான இயற்பியல் விளக்கம் பின்னரே வந்தது.

வறண்ட ஏரியிலிருந்து ஓடுதளத்திற்கு

1930களில் தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, எடையைக் குறைத்து, எஞ்சினை மாற்றியமைத்து ஓட்டி வந்தனர். இவ்வாறு மாற்றப்பட்ட வண்டிகள் 'ஹாட் ராட்' எனப்பட்டன. முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளே இவற்றின் வேகத்தைச் சோதிக்கும் இடங்களாக இருந்தன. அங்கு நடந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்த, 1937இல் தெற்குக் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் உருவானது. அங்கு அளக்கப்பட்டது உச்ச வேகம் மட்டுமே. வண்டி நெடுந்தொலைவு ஓடி வேகம் பிடித்த பிறகு, குறிப்பிட்ட ஒரு பகுதியைக் கடக்கும் நேரம் பதிவு செய்யப்பட்டது. எவ்வளவு விரைவாக வேகம் பிடித்தது என்பது அங்கே ஒரு கேள்வியாகவே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. நகருக்கு அருகில் பயன்பாடு குறைந்த விமான ஓடுதளங்கள் பல கிடைத்தன. ஓடுதளத்தின் நீளம் உச்ச வேகத்தை எட்டப் போதாது; கால் மைல் முழு விசையுடன் ஓடி, எஞ்சிய தொலைவில் பிரேக் பிடித்து நிறுத்தப் போதும். 1950இல் சி. ஜே. ஹார்ட் முதலியோர் சான்டா ஆனா விமான நிலைய ஓடுதளத்தில் முறையான டிராக் பந்தயத்தைத் தொடங்கினர். 'ஹாட் ராட்' இதழின் ஆசிரியரான வாலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருக்களில் ஆபத்தான முறையில் நடந்த போட்டிகளைப் பாதுகாப்பான திடலுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அச்சங்கத்தின் முதல் தேசியப் பந்தயம் 1955இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் நடைபெற்றது.

தொலைவு நிலையானதும் அளவும் நிலையானது. நாட்டின் எந்த மூலையில் ஓடிய காரையும் வேறொரு மூலையில் ஓடிய காருடன் ஒப்பிட முடிந்தது.

திடலில் நேரம் அளக்கும் முறை

தொடக்கக் கோட்டில் பாதையின் குறுக்கே தரையை ஒட்டி ஓர் ஒளிக்கற்றை செல்கிறது. காரின் முன்சக்கரம் அதை மறைக்கும்படி ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். சக்கரம் நகர்ந்து ஒளிக்கற்றை மீண்டும் தடையின்றிச் செல்லும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். முடிவுக்கோட்டிலுள்ள ஒளிக்கற்றையை வண்டி மறைக்கும்போது நேரம் நிற்கும். இடைப்பட்டது ஓட்ட நேரம் எனப்படும். தேசிய ஹாட் ராட் சங்கப் பந்தயங்களில் 1963இல் அறிமுகமான 'கிறிஸ்துமஸ் மரம்' எனும் விளக்குக் கம்பத்தில் பச்சை எரிவதற்கும் இந்தக் கடிகாரத்திற்கும் தொடர்பில்லை. ஓட்டுநர் தாமதமாகக் கிளம்பினால் பந்தயத்தில் தோற்கலாம். ஓட்ட நேரம் கூடாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு விலகுவதற்குள் கார் ஏறத்தாழ ஓர் அடி நகர்ந்துவிடுகிறது. இதை 'ரோல்அவுட்' என்பர். வலுவாகக் கிளம்பும் ஒரு காருக்கு இந்த ஓர் அடியைக் கடக்க 0.3 நொடி அளவு தேவைப்படும். அதற்குள் கார் மணிக்கு 4 முதல் 5 மைல் வேகத்தை எட்டியிருக்கும். ஆகவே திடலின் கடிகாரம் முழுமையாக நின்ற நிலையிலிருந்து தொடங்குவதில்லை. சில அமெரிக்கக் கார் இதழ்கள் திடல் முடிவுகளுடன் பொருந்துவதற்காக, தம் 60 மைல் சோதனையிலும் இந்த ஓர் அடியைக் கழித்தே நேரத்தை வெளியிடுகின்றன. ஒரே காருக்கு இரு இதழ்கள் 0.3 நொடி வேறுபட்ட நேரம் தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இறுதி வேகமும் ஒரு கணத்தில் அளக்கப்படுவதில்லை. ஒரு குறும்பகுதியைக் கடந்த நேரத்திலிருந்து அது கணக்கிடப்படுகிறது. முன்பு இந்தப் பகுதி முடிவுக்கோட்டுக்கு முன்னும் பின்னும் 66 அடி வீதம் 132 அடியாக இருந்தது. இதனால் கோட்டைத் தாண்டிய பிறகும் ஓட்டுநர்கள் விசையை விடாமல் சென்றனர். பாதுகாப்புக் கருதி 1989இல் தேசிய ஹாட் ராட் சங்கம் கோட்டுக்கு முந்தைய 66 அடியை மட்டும் வைத்துக்கொண்டது. ஆகவே இன்றைய சீட்டிலுள்ள இறுதி வேகம், கார் கோட்டைத் தொடும்போது கொண்டிருந்த வேகத்தைவிடச் சற்றே குறைவானது.

மணிக்கு 60 மைல் என்னும் அளவுகோல்

60 மைல் முடுக்க நேரத்தைப் பரவலாக்கியவராகக் கருதப்படுபவர் டாம் மெக்காஹில். இவர் 1946 முதல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் புதிய கார்களை ஓட்டிப் பார்த்து எழுதினார். கையில் பிடித்த நிறுத்துக் கடிகாரமே அக்காலத்தின் கருவி. பின்னர் காரின் பின்புறம் பொருத்தப்படும் 'ஐந்தாம் சக்கரம்' வந்தது. தற்போது செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு வேகத்தை அளக்கும் கருவிகள் பயன்படுகின்றன.

இந்த அளவுகோல் எளிதில் புரிவது. ஆனால் வேகமானியைப் பார்த்துக் கைக்கடிகாரத்தை நிறுத்துவதில் பிழை மிகுதி. கார்களின் வேகமானிகள் பலவும் உண்மை வேகத்தைவிடச் சற்று மிகையாகவே காட்டும். திடலின் ஒளிக்கற்றைகள் அப்படியல்ல. அவை காரின் கருவிகளை நம்பியிருப்பதில்லை. திடல் முடிவிலிருந்து 60 மைல் நேரத்தைக் கணிக்கும் முயற்சிக்கு இதுவே அடிப்படை.

ஹண்டிங்டன் கண்ட விதி

1950களிலும் 60களிலும் கார் இதழ்களில் தொழில்நுட்பக் கட்டுரைகள் எழுதியவர் ரோஜர் ஹண்டிங்டன். ஏராளமான திடல் முடிவுகளை ஒப்பிட்டு அவர் ஒரு சூத்திரத்தைத் தந்தார். காரின் குதிரைத்திறனை அதன் எடையால் (பவுண்டில்) வகுத்து, அதன் கனமூலத்தை 225ஆல் பெருக்கினால், கால் மைல் முடிவில் மணிக்கு எத்தனை மைல் வேகம் கிடைக்கும் என்பது தெரியும். இது கோட்பாட்டிலிருந்து வந்ததல்ல, பட்டறிவிலிருந்து வந்தது.

இதற்கு இயற்பியல் விளக்கம் அளித்தவர் ஜெஃப்ரி ஃபாக்ஸ். அவருடைய கட்டுரை 1973இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' ஆய்விதழில் வெளியானது. விளக்கத்தின் கரு எளியது. எஞ்சின் மாறாத திறனைத் தருகிறது என்று கொள்வோம். நேரத்துக்கு நேர் விகிதத்தில் காரின் இயக்க ஆற்றல் கூடும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வேகம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் போலக் கூடும். அதாவது இரு மடங்கு வேகம் வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் வேண்டும். இதிலிருந்து, குறித்த தொலைவின் முடிவிலுள்ள வேகம் திறனுக்கும் எடைக்குமான விகிதத்தின் கனமூலத்தைப் பொறுத்தது என்பது தானே கிடைக்கிறது. ஹண்டிங்டன் சீட்டுகளில் கண்ட கனமூலம் இதுவே.

மாறாத் திறன் முழுவதும் சக்கரத்திற்கு வந்து சேர்ந்தால், சூத்திரத்தின் எண் 225ஆக இராது. ஏறத்தாழ 281ஆக இருக்கும். 225ஐ 281ஆல் வகுத்துக் கனப்படுத்தினால் 0.51 வருகிறது. அறிவிக்கப்பட்ட குதிரைத்திறனில் ஏறத்தாழ பாதி மட்டுமே காரை முன்னோக்கித் தள்ளப் பயன்பட்டது என்பது இதன் பொருள். மீதி கியர் மாற்றும் இடைவெளியிலும், சக்கரம் வழுக்குவதிலும், காற்றுத் தடையிலும், பல்லிணைகளின் உராய்விலும் போனது. 1971 வரை அமெரிக்க விளம்பரங்களில் இடம்பெற்றது, துணைக்கருவிகள் இன்றிச் சோதனை மேடையில் அளந்த மொத்தக் குதிரைத்திறன் என்பதும் ஒரு காரணம். 1972 முதல் நிகரக் குதிரைத்திறன் வழக்குக்கு வந்தது. பின்னர் பந்தயக் கணிப்புக்கான கணினி நிரல்களை எழுதிய பேட்ரிக் ஹேல், இறுதி வேகத்திற்கு 234 என்ற எண்ணையும், ஓட்ட நேரத்திற்கு 5.825 என்ற எண்ணையும் தந்தார். ஓட்ட நேரத்திற்கு எடையைக் குதிரைத்திறனால் வகுத்துக் கனமூலம் காண வேண்டும்.

இரண்டு எண்களின் பெருக்கற்பலன்

மாறாத் திறன் விதியிலிருந்து மேலும் ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. கடந்த தொலைவு என்பது இறுதி வேகத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு. எனவே கால் மைலுக்கு, ஓட்ட நேரத்தை நொடியிலும் இறுதி வேகத்தை மணிக்கு மைலிலும் எடுத்துப் பெருக்கினால் 1,350 வர வேண்டும். ஹேலின் இரு எண்களைப் பெருக்கினாலும் 1,363 வருகிறது. இரண்டும் மிக நெருக்கமானவை.

ஒரு காரின் பெருக்கற்பலன் 1,350க்கு மேலே சென்றால், அதன் ஓட்ட நேரம் அதன் வேகத்துக்குப் பொருந்தாமல் நீண்டுள்ளது. பெரும்பாலும் தொடக்கத்தில் சக்கரங்கள் வழுக்கி நேரம் வீணாகியிருக்கும். 1,350க்குக் கீழே வந்தால், கார் நன்றாகக் கிளம்பி, பிற்பகுதியில் திறன் குறைந்திருக்கும். சுருங்கச் சொன்னால், இறுதி வேகம் காரின் திறனைக் காட்டுகிறது. ஓட்ட நேரம் அது கிளம்பிய விதத்தைக் காட்டுகிறது. 60 மைல் நேரம் இவ்விரண்டையும் பொறுத்தது. ஆகவே ஒன்றை மட்டும் வைத்துக் கணிப்பது தவறான விடைக்கு இட்டுச் செல்லும்.

1964 போண்டியாக் ஜி.டி.ஓ.

இந்தக் கணக்கின் பயனைக் காட்டும் புகழ்பெற்ற நிகழ்வு ஒன்று உண்டு. 1964 மார்ச் மாத 'கார் அண்ட் டிரைவர்' இதழ், போண்டியாக் நிறுவனத்தின் புதிய ஜி.டி.ஓ. காரை அதே பெயர் கொண்ட ஃபெராரியுடன் ஒப்பிட்டு எழுதியது. ஜி.டி.ஓ. 60 மைல் வேகத்தை 4.6 நொடியில் எட்டியதாகவும், கால் மைலை 13.1 நொடியில் மணிக்கு 115 மைல் வேகத்துடன் முடித்ததாகவும் இதழ் தெரிவித்தது. கடைகளில் விற்ற ஜி.டி.ஓ.வின் எஞ்சின் 389 கன அங்குலம். அதன் வலிமையான வகையின் அறிவிக்கப்பட்ட திறன் 348 குதிரைத்திறன்.

ஓட்டுநரையும் சேர்த்து எடை 3,600 பவுண்டு என்று கொண்டால், 348 குதிரைத்திறனுக்கு ஹண்டிங்டன் சூத்திரம் மணிக்கு 103 மைல் இறுதி வேகம் தருகிறது. ஹேலின் எண் 107 தருகிறது. 115ஐ எட்ட வேண்டுமானால், ஹேலின் கணக்கில் ஏறத்தாழ 427 குதிரைத்திறனும் ஹண்டிங்டனின் கணக்கில் ஏறத்தாழ 480 குதிரைத்திறனும் தேவை. விளம்பரத்தில் சொன்ன எஞ்சினுக்கு அந்த வேகம் பொருந்தவில்லை.

போண்டியாக்கின் விளம்பரப் பணியில் இருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் உண்மையை வெளியிட்டார். சோதனைக்குக் கொடுத்த காரில் இருந்தது 389 அல்ல, மெருகேற்றப்பட்ட 421 கன அங்குல எஞ்சின். அதே பெயரில் கடையில் கார் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வேறு எஞ்சின். இதழ் வெளியான நாளிலேயே, எடையையும் குதிரைத்திறனையும் கையில் வைத்திருந்த ஒரு வாசகர் கனமூலம் கண்டிருந்தால், ஏதோ பொருந்தவில்லை என்பதை உணர்ந்திருக்க முடியும்.

அதே முடிவிலிருந்து 60 மைல் நேரத்தையும் கணித்துப் பார்க்கலாம். 13.1ஐ 115ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,506 வருகிறது. இது 1,350ஐவிட மிக அதிகம். அக்காலத்து டயர்களால் அந்தத் திறனைத் தாங்க முடியவில்லை என்பதைக் காட்டுகிறது. 115 மைல் இறுதி வேகத்துக்கு உரிய நேரம் 1,350ஐ 115ஆல் வகுத்தால் வரும் 11.74 நொடி. மீதி 1.36 நொடி கிளம்பும்போது இழந்தது எனலாம். 11.74 நொடியை, 60க்கும் 115க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 3.20 நொடி. இழந்த 1.36 நொடியைக் கூட்டினால் 4.56 நொடி. இதழ் சொன்னது 4.6. அதாவது வெளியிட்ட எண்கள் தமக்குள் முரண்படவில்லை. பொய் கடிகாரத்தில் இல்லை. என்ஜின் மூடிக்குக் கீழே இருந்தது.

நேரச் சீட்டிலிருந்து கணிக்கும் வழி

இன்றைய சீட்டுகள் இடைநிலை நேரங்களையும் தருவதால் கணிப்பு மேலும் துல்லியமாகிறது. எடுத்துக்காட்டாக ஒரு நடுத்தரக் காரின் சீட்டு பின்வருமாறு இருப்பதாகக் கொள்ளலாம்.

60 அடி: 2.10 நொடி
330 அடி: 6.10 நொடி
660 அடி: 9.50 நொடி
1,000 அடி: 12.42 நொடி
1,320 அடி: 14.90 நொடி, மணிக்கு 91 மைல்

முதல் வழி, இரு முதன்மை எண்களை மட்டும் கொண்டது. 14.90ஐ 91ஆல் பெருக்கினால் 1,356. இது 1,350க்கு மிக அருகில் உள்ளது. எனவே தனித் திருத்தம் தேவையில்லை. 60ஐ 91ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.435. இதை 14.90ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6.5 நொடி.

இரண்டாம் வழி, இடைநிலை நேரங்களைக் கொண்டது. 60 அடியிலிருந்து 330 அடி வரையிலான 270 அடியைக் கார் 4.00 நொடியில் கடந்துள்ளது. சராசரி வேகம் மணிக்கு 46 மைல். இந்த வேகத்தை அது ஏறத்தாழ அந்த இடைவெளியின் நடுக்கணத்தில், 4.1ஆவது நொடியில் கொண்டிருக்கும். அடுத்த 330 அடியை 3.40 நொடியில் கடந்துள்ளது. சராசரி 66 மைல், நடுக்கணம் 7.8ஆவது நொடி. இந்த இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்தால் 60 மைல் வேகம் 6.7ஆவது நொடியில் வருகிறது. உண்மையில் வேகக்கோடு மேல்நோக்கி வளைந்திருப்பதால் நேரம் இதைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே இரு வழிகளும் 6.5 நொடியை ஒட்டியே நிற்கின்றன.

திடலின் கடிகாரம் ஓர் அடி தாமதமாகத் தொடங்கியதால், முழுமையாக நின்ற நிலையிலிருந்து கணக்கிட இதனுடன் 0.3 நொடி கூட்ட வேண்டும். விடை ஏறத்தாழ 6.8 நொடி. மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது 62.1 மைல். இந்தியாவில் வழங்கும் அந்த அளவுக்கு மாற்ற, இத்தகைய காருக்கு மேலும் 0.4 முதல் 0.5 நொடி சேர்க்க வேண்டும்.

கணிப்பின் எல்லைகள்

இந்த முறை எல்லா வண்டிகளுக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. 60 மைலை எட்டும் முன் ஒரு கியர் மாற்றம் கூடுதலாகத் தேவைப்படும் கார் அரை நொடி வரை இழக்கலாம். கால் மைல் முழுவதிலும் அந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. நான்கு சக்கரங்களுக்கும் திறன் செல்லும் கார்கள் தொடக்கத்தில் வழுக்குவதில்லை. மின்சாரக் கார்கள் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தரும்; உயர் வேகத்தில் அவற்றின் திறன் குறையக்கூடும். அப்போது பெருக்கற்பலன் 1,350க்குக் கீழே இறங்கும். கணித்த நேரத்தைவிட உண்மையான 60 மைல் நேரம் குறைவாக இருக்கும்.

காற்றின் அடர்த்தியும் முக்கியமானது. டென்வர் நகருக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் இயங்கிய பேண்டிமியர் திடலில் பெட்ரோல் கார்கள் கடற்கரைத் திடல்களைவிட மெதுவாகவே ஓடின. எங்கே ஓடியது என்று அறியாமல் ஒரு சீட்டை மற்றொன்றுடன் ஒப்பிடுவது முறையன்று. தொலைவையும் கவனிக்க வேண்டும். 2008 ஜூனில் இங்கிலிஷ்டவுன் திடலில் ஸ்காட் கலிட்டா இறந்த விபத்துக்குப் பின், தேசிய ஹாட் ராட் சங்கம் அதிவேக நைட்ரோ வகுப்புகளின் ஓட்டத்தை 1,000 அடியாகக் குறைத்தது. அவ்வகுப்புகளின் நேரத்தைக் கால் மைல் சூத்திரத்தில் இட முடியாது.

இத்தனை எல்லைகள் இருந்தும் இந்தக் கணிப்பு இன்றளவும் பயனில் உள்ளது. 60 மைல் நேரம் விளம்பரத்தில் தனியே நிற்கும்போது அதைச் சரிபார்க்க வழியில்லை. கால் மைல் நேரமும் இறுதி வேகமும் எடையும் உடன் தரப்பட்டால், அவை ஒன்றையொன்று சோதிக்கின்றன. ஒன்றை மிகைப்படுத்தினால் மற்றொன்று அதைக் காட்டிக்கொடுக்கும்.